பிச்சை மகன் அழகர் எழுதிக்கொள்வது

மட்டாஞ்சேரி,
22-8-1979

மரியாதைக்குரிய அய்யா அவர்களுடைய பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டு மகன் அழகர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாயம்மாளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அம்மாவும் அக்கா அங்கம்மாளும் பிள்ளைகளும் வெள்ளாடுகளும் அதேபோல் இருக்கக் கருப்பசாமி துணை நிற்க வேண்டும். இங்கே மழை விடவில்லை. அங்கே இன்னும் பெய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். முகத்தை நேராக வைத்துக்கொண்டு எழுதக்கூடிய சங்கதி இவ்வளவுதான், அய்யா. இனி வருவதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டப்போகிற மச்சான் ராமர் அவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். மச்சான், வழக்கம்போல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை வாசிக்க வேண்டாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அய்யாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசியுங்கள். அய்யாவுக்கு வலது காது மந்தம், எனவே இடது பக்கம் உட்காருங்கள். நடுவில் நீங்கள் சிரித்தால் எனக்கு இங்கே தெரியப்போவதில்லை. இருந்தாலும் சிரிக்க வேண்டாம்.

அய்யா, சித்திரையில் பேரன் பிறந்ததும் நீங்கள் மச்சானை ஒரு கார்டு போடச் சொன்னீர்கள். "பையனுக்கு என் பேரை வை" என்று ஒரே வரி. நான் பதில் எழுதினேன், அப்படியே வைத்துவிட்டோம், வாய் நிறையக் கூப்பிடுகிறோம் என்று. அதைக் கேட்டு நீங்கள் கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டி ஊருக்கே சோறு போட்டதாகவும், மைக் செட்டுக்காரனிடம் சொல்லி "பிச்சை பேரன் பிச்சை" என்று மூன்று தடவை சொல்ல வைத்ததாகவும் மச்சான் எழுதியிருந்தார். அய்யா, நீங்கள் கிடாய் வெட்டிய அன்றைக்கு உங்கள் பேரனுக்கு அந்தப் பேர் கிடையாது. பிறப்பு எழுதுகிற ஆபீஸ் ரிஜிஸ்தரில் அவன் பேர் ஒடேசன். மச்சான், இதை இரண்டு தடவை நிறுத்தி வாசியுங்கள். ஒ-டே-சன். எழுத்துப் பிழை இல்லை.

என் பேரில் என்னடா குறை கண்டாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பேரில் குறை இல்லை, அய்யா, குறை என்னிடம். நம் ஊரில் தெருவுக்கு இரண்டு பிச்சை இருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவரே பிச்சைதான். அங்கே அந்தப் பேர் சொல்லிச் சொல்லி அர்த்தம் தேய்ந்துபோய்விட்டது, யாருக்கும் அது ஒரு ஆளாகத்தான் தெரியும். மலையாளத்திலும் அந்தச் சொல்லுக்கு அதே அர்த்தம்தான், ஆனால் இங்கே யாருக்கும் அப்படிப் பேர் கிடையாது. அதனால் இங்கே அர்த்தம் தேயாமல் புதுசாக இருக்கிறது. சொன்ன உடனே எதிரில் நிற்கிறவர் உங்கள் கையைப் பார்க்கிறார்.

மாயம்மாளுக்கு அந்தப் பேரைத் தவிர வேறு பேர் காதில் ஏறவில்லை. உங்களுக்குத் தெரியும், முதல் பையன் பதினோரு நாள் இருந்தான், அடுத்த பெண் மூன்று மாசம் இருந்தாள். இந்த மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். உங்கள் ஆத்தாள் உங்களுக்குச் செய்த மாதிரியே செய்ய வேண்டும் என்றாள். உங்களுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போய், உங்களைக் காப்பாற்ற மூன்று வீட்டில் அரிசி வாங்கிக் கஞ்சி காய்ச்சி, பிச்சை எடுத்து வளர்த்த பிள்ளை என்று பேர் வைத்தார்களாமே, அதேபோல. சரி, ஆசைக்குச் செய்துகொள் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அவள் முப்பதாம் நாள் காலையில் குளித்துவிட்டு, தலைமுடியை முடியாமல், முந்தானையை ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக் கமலாக்ஷி சேச்சியின் வாசலில் போய் நின்று, "பிச்சை போடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

சேச்சிக்கு நம் ஊர் வழக்கம் எப்படித் தெரியும்? பச்சைப் பிள்ளைக்காரி வந்து நிற்கிற கோலத்தைப் பார்த்து அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "மோளே, வீட்டில அரி தீர்ந்நோ? எந்தா பறயாஞ்ஞே?" என்று அழுதே விட்டார். அரிசி தீர்ந்துவிட்டது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது அவருடைய வருத்தம். மாயம்மாள் விளக்கிச் சொன்ன தமிழ் அவருக்குப் புரியவில்லை, புரிந்த கொஞ்சமும் தப்பாகப் புரிந்தது. மத்தியானம் ஒரு சட்டி மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் வந்தது. மறுநாள் இட்டலி வந்தது. மூன்றாம் நாள் எதிர்வரிசைத் தையல்காரர் வீட்டிலிருந்து பழைய துணிமணிகள் வந்தன, அதில் எனக்கு ஒரு வேட்டியும் இருந்தது. நான் சாயங்காலம் கிடங்கிலிருந்து திரும்பி வரும்போது வரிசையில் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். குடிக்கிறானாம், சீட்டு விளையாடுகிறானாம் என்று ஆளுக்கொன்று. கப்பை நன்றாகத்தான் இருந்தது, அய்யா. அதைத் தின்றுகொண்டே முடிவு செய்தேன், என் மகனுக்கு இந்தப் பேர் வேண்டாம் என்று.

யாரும் சிரிக்க முடியாத பேராக வேண்டும் என்று நாலு நாள் யோசித்து, வேந்தன் என்று வைக்கலாம் என்று தோன்றியது. ராஜா என்று அர்த்தம். பிச்சையிலிருந்து ஒரே தாவலில் ராஜா. பிறப்பு எழுதுகிற ஆபீசுக்குப் போனேன். நல்ல கூட்டம். கிளார்க் தலை நிமிராமல், "குட்டியுடெ பேரெந்தா?" என்றார்.

"வேந்தன்" என்றேன். எனக்கு ஆபீஸ் என்றாலே வாய் குழறும், அது உங்களுக்குத் தெரியும். என் வாயிலிருந்து விழுந்தது அவர் காதில் வேண்டாம் என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"வேண்டெங்கில் பின்னெ எந்தினா வந்நது?" என்றார். வேண்டாமென்றால் பிறகு எதற்கு வந்தாய் என்று.

"இல்ல சார், வேந்தன்."

"அதே, கேட்டு. வேண்டெங்கில் மாறி நில்க்கு." வேண்டாமென்றால் விலகி நில் என்று.

பின்னால் நின்ற ஒரு அம்மாள், பெற்ற பிள்ளைக்குப் பேர் வேண்டாம் என்கிறானே, இவனும் ஒரு தகப்பனா என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். நான் மாறி நின்றேன். அப்படியே வாசல் வரைக்கும் மாறிப்போய் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வேலை என்ன என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் மிளகுக் கிடங்கில் எழுத்து வேலை என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் மேஜை நாற்காலி போட்ட எழுத்து வேலை இல்லை. கப்பலுக்குப் போகிற சாக்குகளின் மேல் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்துக் கருப்பு மையைத் தடவுவதுதான் வேலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மேனேஜர் நீலகண்டன் சார் எந்தத் தகடு என்று சொல்வார், நான் எடுத்துத் தடவுவேன். அன்றைக்கு, "ஒடேசா தகடெடு" என்றார். அறுநூறு மூட்டை. அத்தனைக்கும் அதே பேர். மை காயும் நேரத்தில் சுமைக்காரர்களுக்கு மூப்பரான பரீத் பாயிடம் கேட்டேன். அவர் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க்காரர்.

"பாய், இந்த ஒடேசா யாரு?"

பாய் பீடியை அணைத்துவிட்டு மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "பெரிய ஆளாத்தான் இருக்கணும் அழகரு. இத்தன மொளகு ஒருத்தனே வாங்குறான்னா, எவ்வளவு பெரிய குடும்பமா இருக்கணும்!"

ஒன்பது வருஷமாக நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சாக்கில் எழுதுகிற பேரெல்லாம் அங்கங்கே இருக்கிற முதலாளிகளின் பேர் என்று. மற்றதெல்லாம் வாயில் நுழையாது. இது ஒன்றுதான் நுழைந்தது. ஆம்பிளைப் பிள்ளை என்பதால் கடைசியில் ஒரு 'ன்' சேர்த்தேன். ஒடேசன். சொல்லிப் பார்த்தேன், கம்பீரமாக இருந்தது. கருப்பசாமி சத்தியமாக, இந்தப் பேரில் மட்டாஞ்சேரியில் மட்டுமில்லை, எர்ணாகுளத்திலும் ஒரு ஆள் கிடையாது. இந்தத் தடவை வாயைத் திறக்கவே இல்லை. பாயின் மகளிடம் கொடுத்து மலையாளத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய் கிளார்க்கிடம் நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாயம்மாளிடம், "பிச்சைன்னே எழுதியாச்சு" என்றேன். அவள் குழந்தையின் நெற்றியில் மை வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணம் ஆன புதிதில் சிரித்த மாதிரி. மறுநாள் உங்களுக்கும் அதே பொய்யைக் கார்டில் எழுதித் தபால்பெட்டியில் போட்டேன். ஆக, என் மகன் வீட்டில் பிச்சை, ஆபீஸ் ரிஜிஸ்தரில் ஒடேசன். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தன்.

கிடங்கில் மிட்டாய் கொடுத்தேன். நீலகண்டன் சார் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பேரைக் கேட்டார். சொன்னேன். மிட்டாய் அவருக்குப் புரையேறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எடோ அழகரே, அதொரு துறமுகமல்லே!" என்றார். கப்பல் போய் நிற்கிற துறைமுகமாம், அய்யா. ருஷ்யாவில் இருக்கிற ஒரு ஊர். ஆளே இல்லையாம். நான் விட்டுக்கொடுக்காமல், "எங்க ஊர்லயும் பழனின்னு வைப்போம் சார், மதுரைன்னு வைப்போம்" என்றேன். "அது சரி, பட்சே தான் அவிடெ போயிட்டுண்டோ?" என்றார். அங்கே நீ போயிருக்கிறாயா என்று. அன்றிலிருந்து ஒடேசா மூட்டை வண்டியில் ஏறும்போதெல்லாம் சுமைக்காரர்கள், "அழகரே, மோனெ கேற்றட்டே?" என்பார்கள். உன் மகனை ஏற்றட்டுமா என்று. பரீத் பாய் மட்டும் சிரிக்கவில்லை. தான் சொன்னதால் வந்த வினை என்று அவருக்கும் கொஞ்சம் கூச்சம்.

ஆடி மாசம் குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கமலாக்ஷி சேச்சி மாயம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். சேச்சி மருந்து வாங்குகிற வரிசையில் நிற்க, மாயம்மாள், தனக்கு வாசிக்கத் தெரியாத மலையாளப் பிறப்புச் சீட்டை உள்ளே காட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒடேசன், ஒடேசன் என்று ஆறேழு தடவை. இவள், யாரோ ஒரு பொறுப்பில்லாத தாய் பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று அவளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூட்டமெல்லாம் போன பிறகு நர்ஸ் இவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்து, இவளைக் கடிந்துகொண்டு, குழந்தைக்கு ஊசியைப் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் சேச்சி சீட்டை வாசித்து, "ஒடேசனோ? இதாரா?" என்று கேட்க, மாயம்மாளுக்கு உயிரே போய்விட்டது. வேறொரு பிள்ளைக்குப் போட வேண்டிய ஊசியைத் தன் பிள்ளைக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்து நேரே கிடங்குக்கு ஓடி வந்தாள். சுமைக்காரர்கள் எல்லோரும் பார்க்க, என் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஏங்க, இது நம்ம புள்ளைதானேங்க? யாரோ ஒடேசனுக்குப் போடுற ஊசிய இவனுக்குப் போட்டுட்டாங்க!"

கிடங்கில் அத்தனை பேருக்கும் தெரிந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. என் கையில் மைத் தூரிகை. அது சொட்டிக்கொண்டிருந்தது.

"அது நம்ம புள்ளைதான் மாயி" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வீட்டுக்கு வரும் வழியில், படகுத்துறைக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் பேசினாள். "மூத்தவனுக்கு என்ன பேரு வச்சோம்?" என்றாள்.

"செல்வராஜ்."

"பொண்ணுக்கு?"

"ராஜகுமாரி."

"பெரிய பெரிய பேரா வச்சோம்லங்க. எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. இவன் ஒருத்தன் ஒண்ணுமில்லாதவனா இருந்துட்டுப் போகட்டுமே. அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

அய்யா, நான் குழந்தையை என் கையில் வாங்கிக்கொண்டேன். உடம்பு கொதித்தது. ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் வரும், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார், மலையாளத்தில். அதுவும் அவளுக்குப் புரிந்திருக்கவில்லை, எனக்கும் தெரியாது. திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் வருகிற வரைக்கும் வராந்தாவில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கண்ணைத் திறக்காமல் கிடந்தான். எனக்கு வேறு எதுவும் தோன்றாமல், "பிச்சை, டேய் பிச்சை, அய்யாவப் பாருடா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். பிறந்து மூன்று மாசத்தில் நான் அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். விடட்டும் என்று நான் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கி, என் சட்டையை நனைத்துவிட்டுக் கண்ணைத் திறந்தான். பேருக்காகத் திறந்தானா, மருந்துக்காகத் திறந்தானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இதோடு திருந்தினேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை, அய்யா. மச்சான், இனி வருவதை இன்னும் மெதுவாக வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் கிடங்குக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். பேரனுக்காக நீங்கள் 'பிச்சை' என்று பேர் வெட்டி அனுப்பிய பித்தளை டம்ளர். மேலே மச்சான் கையெழுத்தில், மலையாளத்துக்காரர்களுக்காக இங்கிலீஷிலும் போட்டு, "பிச்சை மகன் அழகர்" என்று விலாசம். நீலகண்டன் சார் அதை வாசித்துவிட்டு, "பிச்சை மகனோ? தன்றெ அச்சன் பிரதாபன் அல்லே?" என்றார். உன் அப்பன் பிரதாபன் இல்லையா என்று.

அது யார் பிரதாபன் என்று நீங்கள் கேட்பீர்கள். அது நீங்கள்தான், அய்யா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், லாரியில் வந்து இறங்கி இரண்டு நாள் சாப்பிடாமல் இந்தக் கிடங்கு வாசலில் வேலை கேட்டு நின்றேன். உள்ளே ஒரு கணக்கர் இருந்தார், இப்போது அவர் இல்லை. பேரென்ன என்றார், அழகர் என்றேன். அப்பன் பேர் என்ன என்றார், "பிச்சை" என்றேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டு, "இப்போ ஒன்னுமில்லா, பின்னெ வா" என்று கையை ஆட்டினார். இப்போது தர எதுவுமில்லை, பிறகு வா என்று. நான் இருந்த கோலமும் அப்படித்தான் இருந்தது. வெளியே வந்து தெருவில் நின்றேன். எதிரே ஒரு முடிவெட்டுகிற கடை, அதன் போர்டில் தமிழிலும் 'பிரதாபன்' என்று எழுதியிருந்தது. அரை மணி நேரம் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவும் உள்ளே போய், "அப்பா பேரு பிரதாபன் சார்" என்றேன். "இரிக்கு" என்று சொல்லி உட்கார வைத்தார். சாயாவும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இங்கே சம்பள ரிஜிஸ்தரில் நான் பிரதாபன் மகன் அழகர். பெற்ற தகப்பனை ஒரு சாயாவுக்கு மாற்றிவிட்டேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பரீத் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "அது வேற அழகரா இருக்கும் சார், எனக்கில்ல" என்றேன். என் நாக்குதான் சொன்னது. தபால்காரர், ஆள் இல்லை, திருப்பி அனுப்பவும் என்று பார்சலில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பாய் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "எனக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்க வரும் அழகரு" என்றார். "அனுப்புனவர் பேரும் உங்க ஊரும் பின்னால எழுதியிருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னார். பீடியைப் பற்ற வைத்தார். அதைப் பற்ற வைக்கத் தீக்குச்சி மூன்று செலவானது.

அய்யா, நான் ஓடினேன். கையில் மையோடு, இடுப்பில் கட்டிய சாக்கோடு, பஜார் ரோட்டில் கை வண்டிகளுக்கு நடுவில் ஓடினேன். இஞ்சி காயப் போட்டிருந்த பாயில் காலை வைத்து ஒரு அம்மாளிடம் வசவு வாங்கினேன். தபால்காரர் படகுத்துறையில் ஏறிவிட்டார், படகு கட்டவிழ்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஐம்பது அறுபது பேர். "போஸ்ட்மேன் சாரே! அந்தப் பார்சல் எனக்கு!" என்று கத்தினேன். அவர் அங்கிருந்து, "தான் அல்லா எந்நல்லே பறஞ்ஞது? தான் ஆரா?" என்றார். நீ இல்லை என்றாயே, நீ யார் என்று.

"நான்தான் பிச்சை மகன்!"

"எந்து?"

"எங்க அய்யா பேரு பிச்சை! நான் பிச்சை மகன்!"

படகில் ஒரு பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்க இந்தப் பக்கம் வந்ததில் படகு சாய்ந்தது. படகுக்காரர் என்னைத் திட்டிய வார்த்தைகளை மச்சானால் வாசிக்க முடியாது, அதனால் எழுதவில்லை. தபால்காரர் சாட்சி கேட்டார். பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த பரீத் பாய், "இவன் பிச்சை மகன்தான், ஞான் சாட்சி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு டம்ளரை வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து நீலகண்டன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சம்பள ரிஜிஸ்தரை எடுத்துப் பிரதாபனைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே பிச்சை என்று எழுதினார். மூடப் போனவர் நிறுத்தி, "இனியும் ஆரெயெங்கிலும் மாற்றானுண்டோ?" என்றார். வேறு யாரையாவது மாற்ற வேண்டியிருக்கிறதா என்று. "மகனை மாத்தணும் சார்" என்றேன். அரை நாள் லீவு கொடுத்தார்.

நேற்றுப் பிறப்பு எழுதுகிற ஆபீசுக்கு மாயம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். கிளார்க் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேரை மாற்றுவது லேசில்லை, மனு எழுத வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்றார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், குழந்தையின் தாத்தா பேர் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி மலையாளத்தில் எழுதி வாங்கினேன். அவர் அதை வாசித்துவிட்டு மறுபேச்சில்லாமல் மாற்றி எழுதி முத்திரை குத்தினார். "இனி ஈ ஜன்மத்தில் மாற்றில்லா" என்றும் சொன்னார். மாயம்மாள் அந்தத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்றுச் சாப்பாட்டில் உப்பு இருந்தது.

ஆகவே அய்யா, உங்கள் பேரனுக்கு இப்போது உங்கள் பேர். எனக்கும் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உங்கள் பேர். இந்தப் பாவிக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். மன்னித்ததாக ஒரு வரி எழுதச் சொன்னால் அதை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். அம்மாவின் காலுக்கு என் கும்பிடு. அக்காவுக்கு அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். மச்சான் தொண்டை வறண்டிருக்கும், தண்ணீர் குடிக்கவும்.

தங்கள் மகன்,
பி. அழகர்
(பி என்றால் பிச்சை)

பின்குறிப்பு: அய்யா, கவரை ஒட்டப்போகும்போது அதே தபால்காரர் உங்கள் கார்டைக் கொண்டுவந்து தந்தார். நீங்கள் சொல்லச் சொல்ல மச்சான் அப்படியே எழுதியிருக்கிறார். "அழகரு, லோடு ஏத்தப் போன நம்ம பக்கத்தூர் லாரி டிரைவர் சொன்னாரு. அங்க உங்கய்யா பேரு பிரதாபன்னு சொல்லி வச்சிருக்கியாம். நல்ல பேருதான். எனக்கே இந்தப் பேரு சின்னதுலருந்து ஆகாதுடா. ரேஷன் கடையில கூப்பிட்டா திரும்பாம நின்னு கடைசி ஆளா வாங்கிட்டு வருவேன். உன் பொண்டாட்டிதான், மாமா நீங்க சொன்னா அவரு தட்டமாட்டாரு, பயமா இருக்குன்னு கார்டு எழுதிப் போட்டா. அதுக்காகச் சொன்னது. நீயும் மறுபேச்சுப் பேசாம வச்சுட்ட. அந்தச் சந்தோசத்துலதான் கிடாய வெட்டுனேன். இப்ப குழந்தை மூணு மாசம் தாண்டித் தேறிட்டான்ல, மாத்தி பிரதாபன்னே வச்சிரு. எம் பேரு வச்ச மாதிரியும் ஆச்சு, அங்க நாலு பேரு சிரிக்காத மாதிரியும் ஆச்சு. டம்ளரத் திருப்பி அனுப்பு, தேச்சு வெட்டித் தாரேன்னு பாத்திரக்கடைக்காரர் சொல்றாரு."

இதை வாசலில் நின்றபடியே நாலு தடவை வாசித்தேன், அய்யா. அப்புறம் மாயம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ரவிக்கையைக் கையால் பொத்திக்கொண்டு, "இனிமே ஒரு எழுத்து மாறுச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன்" என்றாள். கிளார்க்கும் இந்த ஜென்மத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். அதனால் பேரனுக்கு அந்தப் பேர்தான். ஆனால் உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் போய்ப் படகுத்துறையில் அறுபது பேர் கேட்க அதை மூன்று தடவை கத்திவிட்டேன். இத்தனை நாள் மறைத்ததற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் முழுக்க எழுதியிருக்கிறேன். கத்தியதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஓணத்துக்கு லீவு உண்டு, நீங்கள் கட்டாயம் வர வேண்டும். வந்தால் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன், எல்லோரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். இவர்தான் எங்கய்யா என்று சொல்லுவேன். அதற்கு மேல் பேர் கேட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன், அய்யா. உங்களுக்கு எது பிடிக்குமோ அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.